சுவா ஏரியும் நான்கு கோயில்களும்: ஒரு ஷின்டோ திருத்தலத்தை அறிந்துகொள்ள ஓர் அறிமுகம்

ஜப்பானின் நடுப்பகுதியில், நகானோ மாகாணத்து மலைகளுக்கு இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் சுவா ஏரி இருக்கிறது. பரப்பு 13 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆழமோ மிகக் குறைவு, ஏழு மீட்டரை ஒட்டி நின்றுவிடும். இந்த ஏரியின் தென்புறத்தில் இரண்டு கோயில்களும் வடபுறத்தில் இரண்டு கோயில்களும் உள்ளன. தென்புறத்து இரண்டும் சேர்ந்து காமிஷா எனப்படும் மேற்கோயில். வடபுறத்து இரண்டும் சேர்ந்து ஷிமோஷா எனப்படும் கீழ்க்கோயில். மேற்கோயிலின் இரண்டு தலங்களுக்கு ஹொன்மியா, மாயேமியா என்றும், கீழ்க்கோயிலின் இரண்டு தலங்களுக்கு ஹருமியா, அகிமியா என்றும் பெயர். இவை நான்கும் சேர்ந்ததுதான் 'சுவா தைஷா' என்ற ஒரே திருத்தலம். ஜப்பானின் மிகப் பழைய வழிபாட்டு இடங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அதன் கிளைக் கோயில்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பரவியிருக்கின்றன.

ஷின்டோ சமயத்தைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவருக்குப் பெரும்பாலும் செந்நிற வாயில்களும் அழகிய தோட்டங்களும் உள்ள புகழ்பெற்ற கோயில்களே காட்டப்படுகின்றன. அவை கண்ணுக்கு இனியவை, ஐயமில்லை. ஆனால் ஒரு ஷின்டோ கோயில் தன் ஊருக்கு என்னவாக இருக்கிறது என்று உண்மையிலேயே அறிய விரும்புபவர் சுவாவிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கட்டடத்தைப் பார்ப்பதைவிட, அந்தக் கோயிலுக்காக ஊரார் ஆண்டுதோறும் என்னென்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் ஷின்டோ விளங்கும். அப்படிப் பார்ப்பதற்குச் சுவாவைப்போல் வளமான இடங்கள் குறைவு.

முதலில் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன். ஷின்டோவை நிறுவியவர் என்று ஒருவர் கிடையாது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் மறைநூல் என்று ஒன்றும் கிடையாது. வழிபடப்படும் தெய்வங்களைக் 'காமி' என்கிறார்கள். மலை, அருவி, முதிர்ந்த மரம், பாறை, குலத்தின் மூதாதை, வரலாற்றில் வாழ்ந்து மறைந்த மனிதர் என எதுவும் காமியாக மதிக்கப்படலாம். வணக்கத்தோடு கூடிய அச்சத்தை மனிதருக்குள் எழுப்பும் ஆற்றல் அதில் இருக்க வேண்டும், அவ்வளவே. காமி பெரும்பாலும் ஓர் இடத்தோடு பிணைந்தவர். அந்த இடத்தில் வாழும் மக்கள் அவருடைய 'உஜிகோ', அதாவது அவர் காவலுக்கு உட்பட்ட குடிகள். கோயிலின் அமைப்பும் எளிமையானது. தோரீ என்ற வாயிலைக் கடந்து, கைகளையும் வாயையும் நீரால் தூய்மை செய்துகொண்டு, ஹைதென் என்ற வழிபாட்டு மண்டபத்தின் முன் நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் ஹொன்தென் என்ற கருவறை இருக்கும். அதனுள் தெய்வம் தங்குவதாகக் கருதப்படும் ஒரு கண்ணாடியோ வாளோ கல்லோ வைக்கப்பட்டிருக்கும். ஆனால் அது அடியவர் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. உருவத்தைக் கண்டு வணங்கும் தரிசனம் என்ற வழக்கம் இங்கே கிடையாது.

சுவாவிலோ, இந்தப் பொது அமைப்பின் மையமான கருவறையே பெரும்பாலும் இல்லை. ஹொன்மியாவில் வழிபாட்டு மண்டபத்துக்குப் பின்னே மரங்கள் அடர்ந்த மலை எழுகிறது. அந்த மலையே வழிபடுபொருள். கீழ்க்கோயிலின் அகிமியாவில் ஒரு யூ மரமும், ஹருமியாவில் ஒரு செடார் மரமும் தெய்வத்தின் இருப்பிடமாகக் கொள்ளப்படுகின்றன. மாயேமியாவில் மட்டும் ஒரு கருவறை உண்டு. அதுவும் 1932-இல், ஷின்டோவின் முதன்மைத் தலமான இசே பெருங்கோயிலில் பிரித்தெடுத்த பழைய மரங்களைக் கொண்டு கட்டப்பட்டது. தெய்வத்துக்கு வீடு கட்டும் வழக்கம் வருவதற்கு முன், மலையையும் மரத்தையும் நேரே நின்று வணங்கிய பழைய முறையின் தடம் இது என்று பலர் கருதுகிறார்கள்.

இங்கே குடிகொண்டிருக்கும் தெய்வத்தின் கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்தான் சுவாவின் தனித்தன்மை வெளிப்படுகிறது. முதல் கதை கி.பி. 712-இல் அரசவைக்காகத் தொகுக்கப்பட்ட கோஜிகி என்ற நூலில் வருகிறது. வானுலகத் தெய்வங்கள் மண்ணுலகின் ஆட்சியைத் தங்களிடம் ஒப்படைக்குமாறு இசுமோ நாட்டின் தலைவரான ஒகுனினுஷியிடம் கேட்டபோது, அவருடைய மகன் தகெமினகதா ஒருவரே எதிர்த்து நின்றார். ஆயிரம் பேர் சேர்ந்து இழுக்க வேண்டிய பாறையைக் கைவிரல் நுனியில் ஏந்தி வந்து, வானுலகத் தூதரான தகெமிகசுச்சியை அவர் வலிமைப் போட்டிக்கு அழைத்தார். தூதர் அவர் கையைப் பற்றி, இளம் நாணலைப்போல் கசக்கி எறிந்துவிட்டார். தப்பியோடிய தகெமினகதா சுவா ஏரிவரை துரத்தப்பட்டு, இனி இந்த இடத்தைவிட்டு எங்கும் போகமாட்டேன் என்று வாக்களித்து உயிர் பிழைத்தார். அரசவை எழுதிய கதையில் சுவாவின் தெய்வம் இப்படித் தோற்றவராகவே நிற்கிறார்.

சுவா மக்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கதையில் அதே தெய்வம் வென்றவராக வருகிறார். அவர் இப்பள்ளத்தாக்குக்கு வந்தபோது, மொரெயா என்ற மண்ணின் தெய்வம் இரும்பாலான கருவி ஒன்றை ஏந்தி எதிர்த்தது. வந்தவரோ ஒரு விஸ்டேரியாக் கொடியை மட்டுமே ஏந்தி அதை வென்றார். இதற்குப் பிறகு நடந்ததே முக்கியமானது. தோற்ற மொரெயா அழிக்கப்படவில்லை. புதியவருக்குத் துணையாக, அவருடைய சடங்குகளை நடத்தும் பொறுப்பை ஏற்றது. மொரெயாவின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் மொரியா குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக மேற்கோயிலில் ஜின்ச்சோகான் என்ற பூசகப் பதவியை வகித்தார்கள். கல்லிலும் மரத்திலும் இறங்கும் என்று நம்பப்பட்ட மிஷகுஜி என்ற பழைய ஆவிகளை அழைக்கும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. அந்தக் குடும்பத்தின் ஆவணங்களைக் காக்கும் சிறு அருங்காட்சியகம் ஒன்று சினோ நகரில், மாயேமியாவுக்கு அருகே 1991-இல் திறக்கப்பட்டது; அதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் புஜிமோரி தெருநோபு வடிவமைத்த முதல் கட்டடம் அது.

வந்த தெய்வத்தின் வழியில் இன்னொரு பதவி இருந்தது. அதற்கு ஓஹோரி என்று பெயர். சுவா குடும்பத்துச் சிறுவன் ஒருவனை மாயேமியாவில் ஒரு மரத்தடியிலிருந்த கல்லின்மேல் அமர்த்தி, தெய்வத்தின் உடலாகவே அவனை ஏற்றுக்கொள்வார்கள். தெய்வத்துக்கெனத் தனி உடல் இல்லை, ஓஹோரியே அதன் உடல் என்பது நம்பிக்கை. அப்படி அமர்ந்தவர் சுவா எல்லையைவிட்டு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. கோஜிகியில் தகெமினகதா அளித்த வாக்குறுதியை இந்தக் கட்டுப்பாட்டோடு சேர்த்துப் படித்தால், அரசவை தோல்வியாக எழுதிவைத்த ஒன்றை ஊரார் தங்கள் தெய்வம் தங்களைவிட்டு நீங்காது என்ற உறுதியாக வாழ்ந்துகாட்டியது புரியும். ஓஹோரி முறையைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, சுவா குடும்பத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் 1356-இல் தொகுத்த 'சுவா தைம்யோஜின் எகோதொபா' என்ற ஏட்டிலிருந்தே கிடைக்கிறது. பேரரசரின் பெயரால் நாட்டை நவீனமாக்க முனைந்த மெய்ஜி அரசு 1871-இல் நாடு முழுவதும் பரம்பரைப் பூசக உரிமைகளை ஒழித்தபோது, ஓஹோரி மரபும் மொரியா குடும்பத்தின் பதவியும் ஒருசேர முடிவுக்கு வந்தன. அதே காலத்தில்தான் ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்கும் ஆணையின்படி, கோயிலோடு பல நூற்றாண்டுகள் ஒட்டியிருந்த பௌத்தக் கட்டடங்களும் ஐந்தடுக்குக் கோபுரமும் அகற்றப்பட்டன. இன்று தூய ஷின்டோ தலமாகத் தோன்றும் பல இடங்களைப் போலவே, சுவாவின் இன்றைய தோற்றமும் இந்த ஆணை உருவாக்கியதுதான். புதிதாகப் படிப்பவர் இதை மறக்கக் கூடாது.

சுவா குளிர் கடுமையான மலைநாடு. இங்கே வேட்டை பிழைப்புக்கான வழியாக இருந்தது. கொல்லாமையை வலியுறுத்திய பௌத்தம் நாடெங்கும் செல்வாக்குப் பெற்று, இறைச்சி உண்பது பாவமாகக் கருதப்பட்ட நூற்றாண்டுகளில், சுவாவின் தெய்வம் மட்டும் வேட்டைக்காரர் பக்கம் நின்றது. மேற்கோயில் வழங்கிய ஒரு தாயத்துத் தாளும் ஒரு சோடி உணவுக் குச்சிகளும் இருந்தால், அதை வைத்திருப்பவர் மான் இறைச்சியைப் பாவமின்றி உண்ணலாம் என்ற நம்பிக்கை நிலவியது. தானாகக் கடைத்தேற முடியாத விலங்கு மனிதர் உடலில் கலந்து அவரோடு சேர்ந்து புத்தநிலையை அடையும் என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். பௌத்தத்தின் சொற்களைக் கொண்டே பௌத்தத்தின் தடைக்கு விலக்கு கண்ட இந்த விளக்கம் மலைவாழ் ஏழைகளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுவாவின் கிளைக் கோயில்கள் இத்தனை தொலைவு பரவியதற்கு, போர்த்தெய்வமாகச் சாமுராய்கள் அதைப் போற்றியதோடு இந்தச் சலுகையும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. தாயத்தும் குச்சிகளும் இன்றும் கோயிலில் கிடைக்கின்றன.

மாயேமியாவில் ஏப்ரல் 15 அன்று நடக்கும் ஓந்தோசாய் என்ற திருவிழாவில் ஒருகாலத்தில் எழுபத்தைந்து மான்தலைகள் படைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்காவது காது பிளந்திருக்கும் என்பது சுவாவின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. 1784-இல் அதை நேரில் கண்ட சுகாயே மசுமி என்ற பயணி வரைந்துவைத்த படங்களைக் கொண்டு, அந்தப் படையலை மொரியா அருங்காட்சியகத்தில் மறுபடியும் அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். மான், காட்டுப்பன்றித் தலைகள் வரிசையாகத் தொங்கும் அந்தச் சுவரைப் பார்ப்பவருக்கு, ஷின்டோ என்றாலே வெண்மையும் தூய்மையும்தான் என்ற எண்ணம் கலைந்துபோகும். இன்றைய விழாவில் பதப்படுத்திய தலைகள் சில வைக்கப்படுகின்றன. புத்தாண்டு நாள் காலையில் ஹொன்மியாவை ஒட்டி ஓடும் சிற்றாற்றின் பனிக்கட்டியை உடைத்துத் தவளை பிடித்து, சிறு அம்பால் எய்து படைக்கும் சடங்கும் இன்னும் தொடர்கிறது. விலங்குரிமை ஆர்வலர்கள் அதை எதிர்க்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் வேட்டையை நம்பி வாழ்ந்த ஒரு நாட்டின் நினைவு இந்தச் சடங்குகளில்தான் தங்கியிருக்கிறது என்பதும் உண்மை.

கீழ்க்கோயிலின் தெய்வம் யசகதோமே, தகெமினகதாவின் மனைவி. அவருக்கு இரண்டு இல்லங்கள். பெப்ரவரி 1 முதல் ஹருமியாவிலும், ஆகஸ்டு 1 முதல் அகிமியாவிலும் இருப்பார். ஆகஸ்டு மாற்றத்தின்போது, பச்சைச் சுள்ளிகளால் கட்டிய பெரிய படகு ஒன்றைக் குடிகள் தெருவழியே இழுத்துச் செல்வார்கள். ஹருமியாவில் சனவரி 14 இரவு முழுவதும் கஞ்சி காய்ச்சி, அதில் இட்ட நாணல் தண்டுகளை மறுநாள் விடியற்காலையில் பிளந்து பார்த்து, எந்தப் பயிர் எப்படி விளையும் என்று குறி சொல்வார்கள். அவற்றுள் ஒரு தண்டு உலகநடப்புக்கு உரியது. கணவரைப் பிரிந்து வடகரைக்கு வந்தபோது யசகதோமே பஞ்சில் நனைத்து எடுத்துவந்த வெந்நீரே வடகரை ஊரான ஷிமோசுவாவின் வெந்நீர் ஊற்றானது என்றும் ஊரார் சொல்வார்கள். அகிமியாவில் கை கழுவும் தொட்டி ஒன்றில் வெந்நீர் ஊற்று நீரே விழுகிறது.

கணவர் தென்கரையிலும் மனைவி வடகரையிலும் இருப்பதால் ஏரிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. கடுங்குளிரில் ஏரி முழுவதும் உறையும்போது, இரவில் பனிக்கட்டி சுருங்கி வெடிக்கிறது. வெடிப்பில் ஏறும் நீர் உறைகிறது. பகலில் பனிக்கட்டி விரியும்போது இடமில்லாமல் வெடிப்பின் ஓரங்கள் ஒன்றையொன்று நெருக்கி மேலெழும்புகின்றன. இப்படி ஏரியின் குறுக்கே பெருத்த ஓசையோடு உருவாகும் பனி வரப்பை ஒமிவதாரி என்கிறார்கள். மேற்கோயில் தெய்வம் தன் மனைவியைக் காண ஏரியைக் கடந்து போன தடம் அது என்பது நம்பிக்கை. வரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்டு அந்த ஆண்டின் விளைச்சலைக் குறி சொல்லும் பொறுப்பு சுவா நகரின் யட்சுருகி கோயிலுக்கு உரியது. அதன் பூசகரும் குடிகளும் ஒவ்வோர் ஆண்டும் சனவரித் தொடக்கத்திலிருந்து பெப்ரவரித் தொடக்கம்வரை விடியற்காலையில் கரைக்குச் சென்று வெப்பநிலையை அளந்து, பனியைப் பார்த்துவருகிறார்கள். பதிவுகள் 1443-இலிருந்து கிடைக்கின்றன.

தெய்வத்துக்காக எழுதிவைத்த இந்தப் பதிவுகள், காலநிலை ஆய்வாளர்களுக்கு உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத சான்றாக அமைந்தன. பின்லாந்தின் தோர்னியோ ஆற்றுப் பனி உடையும் நாள்களை 1693 முதல் வணிகர்கள் குறித்துவைத்த பதிவுகளோடு இவற்றை ஒப்பிட்டு, தொழிற்புரட்சிக்குப் பின் மாற்றம் விரைவடைந்ததை 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பழைய ஏடுகளில் உறையாத குளிர்காலம் அரிய செய்தி. இப்போது உறைவதே அரிதாகிவிட்டது. 2018-இல் ஒமிவதாரி தோன்றிய பிறகு 2025 வரை ஒரு குளிர்காலத்திலும் அது தோன்றவில்லை. தோன்றாத ஆண்டிலும் பூசகர் அதை அப்படியே எழுதித் தெய்வத்திடம் அறிவிக்கிறார். வரப்பைக் காண முடியாது என்று தெரிந்தும் விடியற்காலையில் எழுந்து கரைக்குப் போகும் அந்தக் குடிகளின் உறுதியைவிட ஷின்டோவின் இயல்பைத் தெளிவாகக் காட்டும் சான்று வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி, சுவாவை நாடறியச் செய்த ஓன்பஷிரா விழாவுக்கு வருவோம். பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் சுழலும் ஆண்டுக் கணக்கில் புலி ஆண்டிலும் குரங்கு ஆண்டிலும், அதாவது ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடக்கிறது; தொடங்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணும் பழைய கணக்கின்படி ஊரார் இதை ஏழாண்டு விழா என்பார்கள். நான்கு தலங்களிலும் நான்கு மூலைகளில் ஒவ்வொரு மரத்தூண் நிற்கிறது. அந்தப் பதினாறு தூண்களையும் மாற்றிப் புதியவற்றை நிறுத்துவதே விழா. பேரரசர் கன்முவின் காலத்தில், அதாவது எட்டாம் நூற்றாண்டின் இறுதியையும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி, இது தொடங்கியது என்று 1356-ஆம் ஆண்டு ஏடு சொல்கிறது. விழாவின் முறையான பெயரில் கோயில் கட்டடத்தைப் புதுப்பிப்பதும் அடங்கும். மேற்கோயிலில் அருகருகே நிற்கும் இரண்டு ஓலைக்கூரைக் கட்டடங்களுள் ஒன்றை ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றிப் புதுப்பிக்கிறார்கள். ஆனால் மக்கள் மனத்தில் நிற்பது தூண்களே.

தூணுக்கு மோமி என்ற ஃபிர் மரமே வேண்டும். மூலைகளுக்கு முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் தூண் என வரிசை உண்டு. மண்டபத்தை நோக்கி நிற்பவருக்கு வலப்பக்க முன்மூலையில் இருப்பது முதல் தூண், அதுவே பெரியது. அதன் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர், சுற்றளவு மூன்று மீட்டர் அளவில், எடை பத்து டன்னை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அடுத்தடுத்த தூண்கள் சற்றுச் சற்றாகக் குறுகி வரும். விழாவுக்குச் சில ஆண்டுகள் முன்பே காட்டில் மரங்களைத் தேர்ந்து அடையாளமிட்டு, பிறகு கோடரியால் வெட்டி வீழ்த்துகிறார்கள். கீழ்க்கோயிலின் மரங்கள் ஷிமோசுவாவின் மலைக்காட்டிலிருந்தும், மேற்கோயிலின் மரங்கள் மரபுப்படி யட்சுகதாகே மலையடிவாரத்திலிருந்தும் வருகின்றன. பெரிய மோமி மரங்கள் குறைந்துவிட்டதால் மேற்கோயிலுக்கு அண்மைக்காலத்தில் வேறு காடுகளையும் நாட வேண்டியிருந்தது.

மரங்களை இழுப்பது மனிதக் கைகள் மட்டுமே. சக்கரமும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஊரார் தாங்களே முறுக்கிய ஆண்வடம், பெண்வடம் என்ற இரண்டு பெருவடங்களைப் பற்றி நூற்றுக்கணக்கானோர், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழுப்பார்கள். கியாரி என்ற உயர்ந்த குரல் பாட்டு ஒன்று எழும். அது முடிந்ததும் 'யோய்சா, யோய்சா' என்ற முழக்கத்தோடு ஒரே மூச்சில் வடம் இறுகும். வளைவுகளில் மரத்தைத் திருப்பக் கடப்பாரைபோன்ற நெம்புகோல்களைப் பிடிப்பதற்கெனத் தனிக் குழு உண்டு. வடத்தின் வேர்ப்பகுதியைக் காக்க ஒரு குழு, கோடரிக்கு ஒரு குழு. மேற்கோயில் மரங்களின் முன்னும் பின்னும் கொம்புகளைப்போல் விரிந்த கழிகள் பொருத்தப்பட்டு, அவற்றில் இளைஞர்கள் தொற்றிக்கொண்டு மரத்தை இடமும் வலமுமாக ஆட்டி ஓட்டுவார்கள். கீழ்க்கோயில் மரங்களுக்குக் கொம்பு கிடையாது, ஏனெனில் அவை இறங்க வேண்டிய சரிவு மிகச் செங்குத்தானது.

ஏப்ரலில் நடப்பது மலையிலிருந்து இறக்கும் கட்டம். கீழ்க்கோயில் வழியில் ஏறத்தாழ 35 பாகைச் சாய்வும் 100 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சரிவில், பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றைக் கோடரியால் வெட்டியதும் மரம் பாய்ந்து இறங்கும். அதன் முதுகில் இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். அப்படி அமர்ந்தவர்கள் கடைசிவரை தாக்குப்பிடிப்பது அரிது. மேற்கோயில் மரங்கள் சரிவில் இறங்கியபின், பனி உருகி ஓடும் மியா ஆற்றைக் கடந்து வர வேண்டும். மரம் அந்நீரில் தூய்மை பெறுவதாகக் கொள்கிறார்கள். பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் மரங்கள் ஓய்வெடுக்கும். மே மாதத்தில் அவற்றை ஊர்த்தெருக்கள் வழியே அலங்கார ஊர்வலத்தோடு கோயிலுக்கு இழுத்துவந்து, நுனியை மூன்று பக்கக் கூம்பாகச் செதுக்கி, ஆட்கள் ஏறிநிற்க, கயிறுகளால் மெல்ல மெல்ல நிமிர்த்துகிறார்கள். செதுக்கி முடித்த பிறகே அது தெய்வத்தன்மை பெறுகிறது.

இந்த விழா ஆபத்தானது என்பதை மறைக்கத் தேவையில்லை. தூண்களை நிமிர்த்தும்போது மேலிருந்து விழுந்து 2010-இல் இருவரும் 2016-இல் ஒருவரும் உயிரிழந்தார்கள். அதன்பின் பாதுகாப்பு முறைகள் இறுக்கப்பட்டாலும், விழாவையே நிறுத்துவது பற்றிய பேச்சு ஊருக்குள் வலுப்பெறவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் இதை வெறும் வீரவிளையாட்டாக எண்ணிவிடக் கூடாது. சரிவில் பாயும் சில நொடிகளே தொலைக்காட்சியில் வருகின்றன. விழாவின் உண்மையான அளவு அவற்றுக்கு வெளியே இருக்கிறது. ஒகாயா, ஷிமோசுவா, சுவா, சினோ, புஜிமி, ஹரா ஆகிய ஆறு ஊராட்சிப் பகுதிகளின் வட்டாரங்கள் தூண்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மேற்கோயிலில் எந்த வட்டாரத்துக்கு எந்தத் தூண் என்பது பெப்ரவரியில் சீட்டெடுத்து முடிவாகிறது. பெரிய தூண் கிடைக்க வேண்டுமென்று தலைவர்கள் நாள்கணக்கில் கோயிலுக்குச் சென்று வேண்டிக்கொள்வார்கள். கீழ்க்கோயிலில் பங்கீடு வழக்கப்படி முன்பே அமைந்தது. வடம் முறுக்குவது, வட்டாரத்துக்கு உரிய நிறத்தில் மேலங்கி தைப்பது, பிள்ளைகளுக்குக் கியாரி கற்றுக்கொடுப்பது, வரும் உறவினருக்கும் அறியாதவருக்கும் உணவளிப்பது என ஒவ்வொரு வீட்டிலும் வேலை நிறைந்திருக்கும். விழா ஆண்டில் செலவு மிகுதி என்பதால் திருமணத்தையும் வீடு கட்டுவதையும் தள்ளிவைப்பது பழைய வழக்கம். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், பெருங்கோயில் முடித்த வேலையை ஊர்த்தெருக்களிலுள்ள சிறு கோயில்களும் தங்கள் அளவுக்கேற்ற சிறு தூண்களோடு மீண்டும் செய்கின்றன. வெளியூர்க் கூட்டம் இல்லாத அந்தச் சிறு விழாக்களே சுவாவாசிகளின் உள்ளத்துக்கு நெருக்கமானவை என்று தோன்றுகிறது.

நான்கு தூண்கள் எதற்காக என்ற கேள்விக்கு எல்லோரும் ஒப்பும் விடை கிடையாது. தெய்வ எல்லையைக் குறிப்பவை, நான்கு திசைக் காவலர்கள், புதுக் கட்டடத்துக்குப் பதிலான அடையாளங்கள், தெய்வம் இறங்கும் மரங்கள் என்று பல விளக்கங்கள் உள்ளன. சினோ பகுதியில் ஜோமோன் எனப்படும் தொல்பழங்காலத்துக் குடியிருப்புகள் நிறைந்திருப்பதால், பெருந்தூண் நிறுத்தும் பழக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையானது என்று வாதிடுவோரும் உண்டு. அது அழகான ஊகம், ஆனால் ஊகமே. காரணம் எதுவென்று தீர்மானிக்காமலே ஒரு செயலைத் தலைமுறைகள் தாண்டிச் செய்துவருவது ஷின்டோவில் குறையாகக் கருதப்படுவதில்லை. அங்கே கொள்கையைவிடச் செயலுக்கே முதலிடம்.

2022-இல் பெருந்தொற்றுக் காலத்தில் விழா வந்தபோது இதன் வலிமை சோதிக்கப்பட்டது. கூட்டத்தைத் தவிர்க்க, ஏப்ரல் கட்டத்தில் மரங்கள் பெரும் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டன, சரிவில் பாய்ச்சவில்லை. ஆனால் ஆண்டைத் தள்ளிவைக்கவும் இல்லை. மே மாதத்தில் கைகளாலேயே இழுத்துத் தூண்களை நிறுத்தினார்கள். மரபை முழுமையாகக் காக்க முடியாதபோது, எதை விடலாம், எதை விடக் கூடாது என்று ஊரார் தாங்களே முடிவெடுத்தார்கள். என் பார்வையில் அதுவே அந்த ஆண்டின் பெருமை.

இந்தப் பள்ளத்தாக்கு இன்று கடிகாரத்துக்கும் அச்சுப்பொறிக்கும் நுண்கருவிக்கும் பெயர்பெற்ற தொழிற்பகுதி. செய்கோ எப்சன் நிறுவனத்தின் தலைமையகம் சுவா நகரில்தான் இருக்கிறது. வடம் இழுப்பவர்களில் தொழிற்சாலைப் பொறியாளரும், விடுதி நடத்துபவரும், பள்ளி மாணவரும் கலந்திருப்பார்கள். 1998-இல் நகானோ குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், மாகாணத்தின் அடையாளமாகச் சுவா மக்கள் அரங்கில் ஓன்பஷிரா தூண்களை நிமிர்த்திக் காட்டினார்கள்.

கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவருக்கும் சுவாவில் காண நிறைய உண்டு. கீழ்க்கோயிலின் இரண்டு தலங்களுக்கும் ஒரே அமைப்பைத் தந்து, 1770-களின் இறுதியில் இரண்டு போட்டித் தச்சர் குழுக்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். ஹருமியா மண்டபத்தை ஓசுமி மரபினர் 1780-இலும், அகிமியா மண்டபத்தைத் தாச்சிகாவா மரபினர் 1781-இலும் முடித்தார்கள். ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டர் அளவே தொலைவு என்பதால், ஒரே நாளில் நடந்தே இரண்டையும் பார்த்துச் செதுக்கு வேலையை ஒப்பிடலாம்.

நேரில் செல்ல விரும்புபவர் தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் சுவா நகரின் காமிசுவா நிலையத்தை அடையலாம். ஷிமோசுவா நிலையத்திலிருந்து அகிமியாவுக்குக் கால்மணி நேர நடை. மேற்கோயிலின் இரண்டு தலங்களுக்கும் சினோவிலிருந்து வண்டி பிடிப்பது எளிது. மண்டபத்தின் முன் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுமுறை ஒருதரம் குனிவது பொதுவான வழிபாட்டு முறை. நேரம் குறைவாக இருந்தால் மாயேமியாவுக்கு முதலிடம் தாருங்கள்: நான்கு தூண்களையும் நெருங்கிச் சென்று காணும் வாய்ப்பு அங்கேதான் உண்டு, மரம் இழுபட்டபோது தேய்ந்து தட்டையான அடிப்பக்கத்தையும் பார்க்கலாம். அடுத்த குரங்கு ஆண்டான 2028-இல் ஏப்ரல், மே மாதங்களில் விழா நடக்கும். கூட்டத்தைத் தவிர்க்க எண்ணுபவர் அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஏதேனும் ஒரு தெருக்கோயிலின் சிறு தூண் விழாவைத் தேடிச் செல்லலாம்.